அம்மாவின் விரலே அழுத்தட்டும்

வாசகர் கேள்விகள்: பெரியவர்களும் கைப்பேசியும்

பதில் சொல்பவர் திருச்சியில் டிரங்க் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் தன் வீட்டுத் திண்ணையில் பெரியவர்களுக்குக் கைப்பேசி சொல்லிக்கொடுக்கிறார்.

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. மூத்த மகன், என் கணவரின் அண்ணன், நியூஜெர்சியில் இருக்கிறார். முகம் பார்த்துப் பேசட்டும் என்று அத்தைக்கு டச் போன் வாங்கிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் பிடிபடவில்லை. ஒன்றைத் தொட்டால் வேறெதுவோ வந்து நிற்கிறது. "எனக்கு எதுக்கும்மா இது, நீயே போட்டுக் குடு" என்கிறார். வேலை அவசரத்தில் நானும் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். என்ன செய்யலாம்?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: மூன்று மாதமாக விடாமல் உட்காருகிறீர்களே, அதற்கே உங்கள் அத்தை கொடுத்துவைத்தவர். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பது போனையா, மகனோடு பேசுவதையா?

வெளியூர் அழைப்பை ஆபரேட்டரிடம் புக் செய்து காத்திருந்த டிரங்க் கால் காலத்தில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு. பெயர் சொன்ன ஆள் மறுமுனைக்கு வந்த பிறகுதான் லைன் கொடுப்போம். அப்படி புக் செய்கிறவரிடம் "யாரோடு பேசணும்?" என்று கேட்காமல் வேலையே தொடங்காது. திண்ணைக்கு வருகிறவர்களிடமும் நான் முதலில் அதைத்தான் கேட்கிறேன். ஒரு பாட்டி "சின்னவ, சூரத்துல இருக்கா" என்றார். அன்றைக்கு அவர் கற்றுக்கொண்டது சின்னவளைக் கூப்பிடுவதை மட்டும்தான். வேறெதையும் நான் திறந்துகூடக் காட்டவில்லை.

நீங்களும் அத்தையின் போனில் முகப்புத் திரையை முதலில் காலி செய்யுங்கள். வாட்ஸாப்பில் பெரிய மகனின் பக்கத்தைத் திறந்தால் மேலே ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கும். அதற்குள் 'மோர்', அதற்குள் 'ஆட் ஷார்ட்கட்'. அதைக் கொடுத்தால் மகனின் முகமே முகப்புத் திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்காகவே அந்தப் பெரிய மகனிடம் சொல்லி, முகம் நன்றாகத் தெரிகிற படமாக வைக்கச் சொல்லுங்கள். கோயில் கோபுரத்தையோ பூவையோ வைத்திருந்தால் இங்கே உதவாது. முகத்தைத் தொடு, பிறகு மேலே இருக்கிற வீடியோ கேமராப் படத்தைத் தொடு. அத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

அப்புறம், விரல். இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. 2017-ல் என் அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். அவர் தொட்டால் ஒன்றும் நடக்காது, இல்லையென்றால் ஐகான்கள் இடம் மாறிக் கிடக்கும். "மெதுவாத் தொடும்மா" என்று நான் சத்தம் போட்டதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது. ஒருநாள் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தேன். சாம்பலும் புளியும் போட்டுப் பாத்திரம் தேய்த்து, நுனி காய்த்துப் போயிருந்தது. திரையில் இருக்கிற மெல்லிய மின்புலத்தில் விரல் பட்டதும் உண்டாகும் மாற்றத்தை உணர்ந்துதான் தொடுதிரை வேலை செய்கிறது. தோல் காய்ந்து தடித்துவிட்டால் திரைக்கு விரல் வந்ததே தெரியாமல் போகலாம். தெரியவில்லையே என்று அவர்கள் அழுத்தி வைத்திருப்பார்கள். அழுத்திப் பிடித்தால் போனுக்கு அது வேறு கட்டளை. ஐகானை நகர்த்தச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் அத்தைக்கு 'வேறெதுவோ வந்து நிற்பது' பெரும்பாலும் இதனால்தான். மறதி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் 'டச் அண்ட் ஹோல்டு டிலே' என்று இருக்கும். அதை 'லாங்' என்று மாற்றுங்கள். கொஞ்சம் அழுத்திவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும். திரைமேல் தடிமனான கண்ணாடி ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். பேசுவதற்கு முன் ஈரத் துணியில் விரலை ஒற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அந்த ஒரு ஈரத் துணிதான் கைகொடுத்தது.

பெயர்களையும் அத்தையே வைக்கட்டும். திண்ணைக்கு வரும் ஒரு அம்மா ஹோம் பட்டனை 'வாசல்' என்பார். எங்கே போய்ச் சிக்கிக்கொண்டாலும் "வாசலுக்கு வந்துட்டேன்" என்பார். அதன் பிறகு நானும் எல்லோருக்கும் வாசல் என்றே சொல்லிக்கொடுக்கிறேன்.

கடைசியாக, நீங்கள் போனை வாங்கிப் போட்டுக் கொடுப்பதை நிறுத்துங்கள். அவசரம் புரிகிறது. உங்களுக்கு நேரம் இல்லாத நாளில் அந்தப் பாடத்தையே எடுக்க வேண்டாம். எடுத்த நாளில் உங்கள் கை உங்கள் மடியில் இருக்கட்டும். அவர் தவறாகத் தொடட்டும், வாசலுக்குத் திரும்பட்டும், மறுபடி தொடட்டும். அவர் விரல் அழுத்தி மகன் முகம் வர வேண்டும்.

கேள்வி: மகன் துபாயில் வேலை பார்க்கிறான். வாட்ஸாப்பில் கூப்பிட்டால் பேச முடிவதே இல்லை. மெசேஜுக்கு மட்டும் பதில் வருகிறது. பேசப் பிடிக்காமல் தவிர்க்கிறானோ என்று அவன் அம்மா அழுகிறாள்.
– வாசகர், கீழக்கரை

பதில்: அழ வேண்டாம் என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸாப்பின் குரல், வீடியோ அழைப்புகளுக்குத் தடை உண்டு. எழுத்தும் படமும் குரல் பதிவும் போகும், அழைப்பு மட்டும் போகாது. அங்கே இருக்கிற நம் பிள்ளைகள் போட்டிம் என்ற செயலியில் பேசுகிறார்கள். மகனிடம் கேட்டு அதையே உங்கள் போனிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் குரல் பதிவை விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளைகுடாவுக்குப் போனவர்கள் முன்பெல்லாம் பேசிப் பதிந்த கேசட்டை ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். அதே கேசட்தான் இது. மைக் படத்தை அழுத்தி விரலை மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், கையை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம். அவன் ஷிஃப்ட் முடிந்து படுக்கும்போது அம்மா குரல் காத்திருக்கும். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம். இன்றைக்கு என்ன மீன் வாங்கினீர்கள், என்ன விலை, அதைச் சொன்னாலே போதும்.

கேள்வி: தங்கை அமெரிக்காவில் இருந்து ஞாயிறு காலை 6:30-க்கு அப்பாவைக் கூப்பிடுவாள். நவம்பரில் ஒரு ஞாயிறு கூப்பிடவில்லை என்று அப்பா பதறிப்போய் என்னை எழுப்பிவிட்டார். 7:30-க்குக் கூப்பிட்டாள். "நான் எப்போதும் போல ராத்திரி 9 மணிக்குத்தானே கூப்பிட்டேன்" என்கிறாள்.
– வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னால் தள்ளுவார்கள். நவம்பரில் கிழக்குக் கரைக்கும் நமக்கும் வித்தியாசம் ஒன்பதரை மணியிலிருந்து பத்தரை மணி ஆகிவிடும். தங்கை கூப்பிடுவது அங்கே சனிக்கிழமை இரவு என்பதால் மாற்றம் அடுத்த வாரம்தான் தெரியும்; தினசரிக் காலண்டரில் அந்த இரண்டு ஞாயிறுகளுக்கும் அடுத்து வரும் ஞாயிறுகளில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். தங்கையும் முந்தின வாரமே, "அடுத்த வாரத்திலிருந்து ஏழரைக்குப்பா" என்று சொல்லிவிட வேண்டும். வயதானவர்களுக்குக் காத்திருக்கும் ஒரு மணி நேரம் மிக நீளமானது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், வயது 71. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறேன். போன மாதம் போலீஸ் உடையில் ஒருவன் வீடியோ காலில் வந்து, என் பெயரில் போதைப் பொருள் பார்சல் வந்திருப்பதாகவும் அறையை விட்டு நகரக் கூடாது என்றும் மிரட்டினான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியதால் பணம் தப்பியது. பெங்களூரில் இருக்கும் மகன், இனி பட்டன் போன் போதும் என்று சொல்லி டச் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பேத்தியைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐயா, நீங்கள் ஏமாளி இல்லை. படித்தவர்கள், அதிகாரிகள் என்று எத்தனையோ பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள். 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தன் வானொலி உரையில் இந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடி பற்றி எச்சரித்தார். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. எந்தப் போலீசும் வீடியோ காலில் விசாரித்துப் பணம் கேட்காது. இனி அப்படி வந்தால் துண்டித்துவிட்டு மகனைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

இனி உங்கள் மகனுக்கு. தம்பி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் கதவில் பூட்டுப் போட வேண்டிய இடத்தில் கதவையே கழற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். தனியாக இருக்கிற மனிதருக்கு அந்தப் போன்தான் பேத்தி. வாட்ஸாப் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் 'கால்ஸ்' என்று இருக்கும். அதில் 'சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்' என்பதைப் போட்டுவிட்டால், வாட்ஸாப்பில் அறியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு மணியடிக்காது. பென்ஷன் வருகிற கணக்கைப் போனில் இணைக்காதீர்கள். சில ஆயிரம் மட்டும் போட்டு வேறொரு கணக்கை இணைத்துக் கொடுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை அப்பாவோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது "தாத்தா, நான்தான், இது என் புது நம்பர்" என்று சொன்னால் அதைக் கேட்கட்டும்.

இவ்வளவும் செய்ய அரை மணி நேரம் ஆகும். அடுத்த ஞாயிறு போனோடு திருநெல்வேலிக்குப் போங்கள். முகப்புத் திரையில் முதலில் மகள் படத்தை வையுங்கள்.