தித்தித்தால் பழுத்ததாகுமா? ஒயின் திராட்சை பற்றிய வாசகர் கேள்விகள்

நந்தி மலையடிவாரத் தோட்டங்களில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை நடப்பதால், பெங்களூரில் வாழும் நம்மவர்களிடமிருந்து இந்த மாதங்களில் திராட்சையைப் பற்றிய கேள்விகளே மிகுதியாக வருகின்றன. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அல்சூர்): குடும்பத்துடன் ஒரு திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். சிவப்பு ஒயின் ரகமான கபர்னே சாவினியோன் வரிசையில் ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தார்கள். கடைத் திராட்சையைவிடத் தித்திப்பாக இருந்தது. ஆனால், "இன்னும் பழுக்கவில்லை, பத்து நாள் போகவேண்டும்" என்றார் தோட்டத்து மேற்பார்வையாளர். இவ்வளவு தித்தித்த பிறகுமா பழுக்கவில்லை?

பதில்: அவர் சொன்னது சரிதான். காயின் பச்சை மங்கி அது மெத்தென்று ஆகத் தொடங்கும் நாளிலிருந்து அதற்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன: சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது, தோலில் நிறமும் மணமும் சேர்கின்றன, விதை பச்சையிலிருந்து பழுப்பாகிறது. இவை நான்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதுதான் ஒயின் திராட்சை வளர்ப்பவரின் தலைவலி.

சர்க்கரைக்கு வேண்டியவை ஆரோக்கியமான இலையும் வெயிலும். 25 முதல் 30 டிகிரி வரையிலான பகல் வெப்பத்தில் இலை நன்றாக வேலை செய்யும். புளிப்பைத் தரும் இரண்டு முக்கிய அமிலங்களில் ஒன்றான மாலிக் அமிலத்தைப் பழம் தன் சுவாசத்துக்கே எரித்துவிடுகிறது; வெப்பம் கூடினால், அதிலும் இரவு புழுக்கமாக இருந்தால், இது விரைவாகக் கரையும். மற்றொன்றான டார்டாரிக் அமிலம் அவ்வளவு எளிதில் அசைவதில்லை. கறுப்புத் திராட்சையின் தோல் நிறமோ 35 டிகிரியைத் தாண்டினால் சேர்வது தடைபடும், ஏற்கெனவே சேர்ந்த நிறமும் சிதையும். கபர்னேயில் பச்சைக் குடைமிளகாய் வாடை ஒன்று உண்டு. காய்ப் பருவத்தில் கொத்தின்மீது வெளிச்சம் பட்டால் அது குறையும், இலைக்கூட்டத்துக்குள் மறைந்திருந்தால் தங்கிவிடும்.

பிரான்சில் பழம் முதிரும் செப்டம்பரில் நாட்கள் குளிர்ந்துகொண்டே போகின்றன. ஆகவே சர்க்கரை நிதானமாக ஏறுகையில் மற்ற மூன்றும் அதை எட்டிப் பிடித்துவிடுகின்றன. நமக்கு நிலைமை தலைகீழ். மழைக்காலத்தைத் தவிர்ப்பதற்காக ஏப்ரலில் ஒரு கவாத்தும் (கொடியின் கிளைகளை வெட்டிவிடுவது) செப்டம்பர், அக்டோபரில் காய்ப்புக்கான கவாத்தும் செய்கிறோம். அதனால் பழம் முதிரும் மாதங்கள் கோடையை நோக்கிச் சூடேறும் மாதங்களாக அமைகின்றன. சர்க்கரை முந்திக்கொண்டு ஓட, விதை பின்தங்கிவிடுகிறது. கடைத் திராட்சையை 17, 18 பிரிக்ஸிலேயே (சாற்றின் சர்க்கரைச் செறிவைக் காட்டும் அளவு) பறித்து விற்றுவிடலாம்; சிவப்பு ஒயினுக்கு 23, 24 பிரிக்ஸ் வேண்டும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறுவதால், 24 பிரிக்ஸ் சாறு 13 சதவீதத்தைத் தாண்டிய ஒயினாகும். அதற்கு மேலும் விதைக்காகக் காத்திருந்தால் ஆல்கஹால் ஏறிக்கொண்டே போகும், புளிப்போ போய்விடும்.

அடுத்த முறை போகும்போது விதையைக் கடித்துப் பாருங்கள். பச்சையாக, வழவழப்பாக இருந்து நாக்கைத் துவர்ப்பில் இழுத்தால் காத்திருக்க வேண்டும். வறுத்த கடலையைப் போல் மொறுமொறுவென்று உடைந்தால் அறுவடைக்கு ஆளைக் கூப்பிடலாம். என்னைக் கேட்டால், சர்க்கரையை அளக்கும் மீட்டரைவிட இந்தப் பல் சோதனையைத்தான் நம்புவேன்.

கேள்வி (சிவாஜி நகர்): புளிப்பான திராட்சையை வாங்கிவிட்டேன். மாங்காயை வைப்பதுபோல் அரிசிப் பானையில் வைத்தால் பழுக்குமா?

பதில்: பழுக்காது. மாவும் வாழையும் பறித்த பிறகு தம்முள் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். திராட்சையில் அப்படிச் சேமிப்பு ஏதும் இல்லை; சர்க்கரை முழுவதும் இலையிலிருந்து வரவேண்டும். காம்பை வெட்டிய நேரத்தோடு வரத்து நின்றுவிடும். ஊறுகாய் போடுங்கள்.

கேள்வி (கம்மனஹள்ளி): கம்பத்தில் என் மாமா பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறார். வருடம் முழுக்க அந்தப் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கிறது. அவ்வளவு செழிக்கும் மண்ணில் ஒயின் ரகத்தையும் வைக்கலாமே என்று கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: செழிப்பதும் ஒயினுக்கு ஏற்றபடி முதிர்வதும் வேறு வேறு. குளிர்நாடுகளில் இலையுதிர்த்து உறங்கும் கொடி, கம்பம் பள்ளத்தாக்கில் உறங்குவதே இல்லை. எந்த மாதம் கவாத்து செய்தாலும் துளிர்த்துக் காய்க்கிறது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகமாகிய பன்னீர் திராட்சைக்கு இது பெரும் வசதி. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் பொருத்தமே.

கபர்னே போன்ற ரகங்களுக்கோ இரவுக் குளிர் வேண்டும். பெங்களூர் வட்டாரம் கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கம்பம் ஏறத்தாழ 400 மீட்டர். இந்த உயர வேறுபாடே கம்பத்தில் மூன்று டிகிரி வெப்பத்தைக் கூட்டிவிடும். நம் பக்கம் ஜனவரியில் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்குவதால் காய்ப் பருவத்தில் சேர்ந்த புளிப்பின் ஒரு பகுதியாவது மிஞ்சுகிறது.

மாமா கவாத்து மாதத்தை மாற்றிப் பார்க்கலாம் என்பார். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கவாத்து செய்து ஏறத்தாழ 40 நாளில் பூ வரும். செப்டம்பரில் வெட்டினால் பழம் குளிர்ந்த நாட்களில் முதிரும். ஆனால் பூவும் பிஞ்சும் வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொண்டு அடிச்சாம்பல் நோய்க்கு இரையாகும். மழைக்குத் தப்பி நவம்பரில் வெட்டினால் முதிர்வு மார்ச் வெயிலில் போய் நிற்கும். ஆசைக்கு நாலு வரிசை ஷிராஸ் வைத்துப் பார்க்கட்டும். வெப்பத்தை ஓரளவு தாங்கும் ரகம் அது. பன்னீர்ப் பந்தலைப் பிரிக்க வேண்டாம்.

கேள்வி (பனசங்கரி): மொட்டை மாடியில் பெரிய தொட்டியில் பெங்களூர் நீலத் திராட்சை வைத்திருக்கிறோம். ஒரே கொத்தில் பாதி கருநீலமாகவும் பாதி பச்சையாகவும் இருக்கிறது. உரம் போதவில்லையா?

பதில்: அது அந்த ரகத்தின் பிறவிக் குணம். பூக்கள் எல்லாம் ஒரே நாளில் மலர்வதில்லை. அந்த இடைவெளி கடைசிவரை தொடர்கிறது. ஆனாலும் கொத்துகள் மிகுதியானால் குறை பெரிதாகும். ஒரு கொத்துக்குப் பன்னிரண்டு இலையாவது இருக்குமாறு எண்ணிப் பார்த்து, மிஞ்சும் கொத்துகளைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். மனசு வராது, எனக்கும் இன்றுவரை வருவதில்லை. கொத்தை மறைக்கும் இலைகளைக் கிழக்குப் பக்கம் மட்டும் எடுங்கள். மேற்கு வெயில் பழத்தை வேகவைத்துவிடும். காய் நிறம் மாறும் நேரத்தில் தழைச்சத்து உரம் போட்டால் கொடிதான் ஓடும், பழம் அப்படியே நிற்கும்.

கேள்வி (ஹொசகோட்டைக்கு அருகில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் வாசகர்): திங்கட்கிழமை, பிரிக்ஸ் அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரில் 23 காட்டியது. நடுவில் ஒரு மாங்காய் மழை பெய்தது. புதன்கிழமை 21 காட்டுகிறது. கருவி பழுதா, சர்க்கரை எங்கே போனது?

பதில்: சர்க்கரை எங்கும் போகவில்லை; வேரும் தோலும் இழுத்துக்கொண்ட நீரால் பழம் ஊதிச் சாறு நீர்த்திருக்கும். காற்றும் வெயிலும் இரண்டு மூன்று நாள் கிடைத்தால் அளவு மீளக்கூடும். உங்கள் செம்மண் சரிவாக இருந்து நீர் தேங்காமல் வடிந்தால் விரைவில் மீளும். களிமண் என்றால் தாமதமாகும்.

ஆனால் மழையின் மேல் முழுப் பழியையும் போடுமுன் பழத்தை எங்கே பறித்தீர்கள் என்று யோசியுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் வரிசையின் வெளிப்புறத்தில், வெயில் படும் கொத்துகளின் மேற்பகுதியிலிருந்தே பழம் பறித்துப் பிழிந்து, 24 என்று பெருமையாக எழுதிவைத்தேன். அறுத்துத் தொட்டியில் நசுக்கியபோது சாறு 21.5-இல் நின்றது. நிழல் பக்கத்தையும் கொத்தின் அடிநுனியையும் நான் தொடவே இல்லை. காலை நேரத்தில், வரிசையின் இரு பக்கமும், கொத்தின் மேல், நடு, அடி என்று மாற்றி மாற்றி நூறு பழங்களைப் பறித்து, எல்லாவற்றையும் ஒரே பையில் பிசைந்து, வடிந்த சாற்றில் ஒரு சொட்டை வைத்துப் பாருங்கள். அதற்குமுன் காய்ச்சி வடித்த நீரில் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு மீளும்வரை காத்திருக்கையில் தினமும் சில கொத்துகளை நடுவில் பிளந்து பார்க்கவேண்டும். வெடித்த பழத்தின் ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை தெரிந்தால், மீட்டர் என்ன காட்டினாலும் அன்றைக்கே அறுத்துவிடுங்கள்.