நிலத்தையும் விற்க வேண்டாம், பள்ளியையும் மாற்ற வேண்டாம்

கேள்வி: பாலக்கோடு அருகே விவசாயம் செய்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவரும் என் மகள் இவ்வாண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறாள், மருத்துவராக விரும்புகிறாள். நிலத்தில் ஒரு பகுதியை விற்று, பிளஸ் 1-இல் நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சேர்க்கலாமா?

பதில்: ஐயா, தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் 2020-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மாநில ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். இடங்களில் 7.5 சதவீதம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளிலேயே படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு உள் ஒதுக்கீடாக வழங்கப்படுகிறது. கடைசி இரண்டு ஆண்டுகளுக்காகத் தனியார் பள்ளிக்கு மாறினால், அதுவரை அவள் அரசுப் பள்ளியில் படித்த ஐந்து ஆண்டுகளும் இந்த உரிமைக்குப் பயன்படாமல் போகும். அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாறினாலும் இதே நிலைதான். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்பதால், நிலத்தை விற்கும் தேவையே எழாது.

பிளஸ் 1-இல் உயிரியல், கணிதம் இரண்டும் உள்ள பிரிவையோ, தாவரவியல், விலங்கியல் உள்ள பிரிவையோ எடுக்கலாம். கணிதத்தில் ஆர்வம் இருந்தால் முன்னதே நல்லது. பொறியியல் வழியும் திறந்திருக்கும். நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கே உரியவை. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும் என்பதால், தெரியாததை விட்டுவிடும் பழக்கமும் வேண்டும். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்; ஆனால் நாலரை ஆண்டுப் படிப்பும் அதன்பின் ஓராண்டுப் பயிற்சியும் ஆங்கிலத்தில் நடப்பதால், அறிவியல் சொற்களை இப்போதிருந்தே இரு மொழிகளிலும் படித்துவரட்டும்.

தனிப் பயிற்சி தேவைப்பட்டால், பிளஸ் 2 முடித்தபின் ஓராண்டு பயிற்சி மையத்தில் சேர்ந்து மீண்டும் எழுதலாம். சட்டம் பார்ப்பது பள்ளியைத்தான், பயிற்சி மையத்தை அல்ல. முதல் முறை இடம் கிடைக்காவிட்டால் அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

தருமபுரியிலும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. எனினும் உள்ளூர்க்காரர் என்ற முன்னுரிமை கிடையாது, தரவரிசைப்படியே இடம் ஒதுக்கப்படும். நீட் தேர்வுக்கு விண்ணப்பித்தால் மட்டும் போதாது. முடிவு வந்தபின் மாநிலக் கலந்தாய்வுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அப்போது சாதிச் சான்றிதழோடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றும் கையில் இருக்க வேண்டும். இடையில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியின் தலைமையாசிரியரிடமும் அதை முன்கூட்டியே கேட்டு வாங்கிவையுங்கள்.