1814 வாஷிங்டன் தாக்குதலைக் காட்டும் அச்சுப்படங்களை எவ்வளவு நம்பலாம்?

அச்சுப்படம் என்றால் மரக்கட்டையிலோ செப்புத் தகட்டிலோ செதுக்கி, மை தடவித் தாளில் அழுத்தி எடுத்த படம். மரக்கட்டை என்றால் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி, மேடான பகுதி பதியும்; செப்புத் தகட்டில் செதுக்கிய பள்ளத்தில் நிற்கும் மைதான் தாளில் ஏறும். ஒருமுறை செதுக்கினால் நூற்றுக்கணக்கில் எடுத்து விற்கலாம். புகைப்படம் அப்போது கிடையாது. செய்தியைக் கண்ணால் பார்க்க மக்களுக்கு இருந்த வழி இதுதான்.

1814 ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குப் பக்கத்திலுள்ள பிளேடன்ஸ்பர்க் ஊரில் அமெரிக்கப் படையை முறியடித்துவிட்டு, மாலையில் வாஷிங்டனுக்குள் நுழைந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்கும் அதிபர் மாளிகைக்கும் (இன்றைய வெள்ளை மாளிகை) தீ வைத்தது. இரண்டே மாதத்தில், அக்டோபரில், லண்டனில் படம் வெளியானது. பொட்டோமாக் ஆற்றுப் பக்கமிருந்து பார்ப்பதுபோல, நகரம் முழுக்க நெருப்பும் புகையும்! விற்பனைக்காக வரைந்த வெற்றிப்படம் அது. எங்கெங்கோ எரிந்ததையெல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடைத்திருக்கிறார்கள்.

எனக்கு மனதில் நிற்பது ஜார்ஜ் மங்கர் வரைந்து, வில்லியம் ஸ்ட்ரிக்லண்ட் செதுக்கிய படம். தீயும் இல்லை, சிப்பாயும் இல்லை. கூரை போன மாளிகை, வெற்றுச் சன்னல்கள், ஒவ்வொன்றின் மேலும் கரி படிந்த சுவர். பார்த்தால் வயிறு கலங்குகிறது. சேதத்தை அறிய இதைத்தான் நம்புவேன்.

அப்புறம், கரியை மறைக்க வெள்ளையடித்ததால்தான் 'வெள்ளை மாளிகை' என்ற பெயர் வந்தது என்பார்கள். அது தவறு, 1798-லேயே அதற்குச் சுண்ணாம்பு பூசியாகிவிட்டது, தீக்கு முன்பே அந்தப் பெயரும் புழக்கத்தில் இருந்தது.