தவழாத பிள்ளை, எழுத மறுக்கும் விரல்: வளர்ச்சி பற்றி வாசகர் கேள்விகள்

மகனுக்குப் பத்து மாதம். தவழவில்லை, இருந்தபடியே அரக்கி அரக்கிப் போகிறான். அதே மாதம் பிறந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை பிடித்துக்கொண்டு நடக்கிறது. வோக்கர் வாங்கிவிடச் சொல்லி மாமி சொல்கிறா. வாங்கலாமா?
*– ஒரு தாய், உப்புவெளி*

வாங்க வேண்டாம். உடம்பின் கட்டுப்பாடு தலையில் தொடங்கிக் கீழே இறங்கி வரும். முதலில் கழுத்து நிற்கும், பிறகு தோளும் முதுகும் உறுதிப்படும், அடுத்தது இடுப்பு, கால் கடைசியில். இந்த வரிசை எல்லாப் பிள்ளைக்கும் பொது. எத்தனையாம் மாதத்தில் என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாட்டுப் பிள்ளைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட அளவுகள் இவை: பிடியில்லாமல் இருத்தல் 3.8 முதல் 9.2 மாதம், கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்தல் 5.2 முதல் 13.5 மாதம், தனியே நடத்தல் 8.2 முதல் 17.6 மாதம். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உங்கள் மகனும் இந்த எல்லைகளுக்குள்தான் நிற்கிறார்கள். அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு பிள்ளைகளளவில் தவழவே இல்லை. விடுபட்டாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய படி அது ஒன்றுதான். அரக்கிப் போகிற பிள்ளைகள் சற்றுப் பிந்தி நடப்பதும் வழமை.

அவசரப்படுத்துவதால் என்ன கிடைக்கும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்னல்ட் கெசலும் ஹெலன் தொம்சனும் 1929இல் இரட்டைப் பெண் குழந்தைகளிடம் பார்த்தார்கள். ஒருத்திக்கு 46ஆம் வாரத்திலிருந்து ஆறு வாரம் படி ஏறப் பழக்கினார்கள். மற்றவளுக்கு 53ஆம் வாரத்தில் தொடங்கி இரண்டு வாரம் மட்டுமே பழக்கம். அவள் வெகு விரைவில் அக்காரியத்தில் சகோதரியை எட்டிப் பிடித்தாள். நரம்பும் தசையும் தயாராகும் முன் கொடுக்கிற பயிற்சி பெரும்பாலும் வீண்.

வோக்கரில் பிள்ளை நுனிக்காலால் உந்துகிறது, தன் பாரத்தைத் தான் தாங்குவதில்லை, பாதம் எங்கே படுகிறது என்பதையும் பார்ப்பதில்லை. நடை அதனால் பிந்துமே தவிர முந்தாது. சுடுதண்ணீர், படி, கிணற்றடி எல்லாவற்றுக்கும் அது பிள்ளையை நொடியில் கொண்டுபோய்விடும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. மகனை நாளுக்குப் பல தடவை வெறும் காலோடு பாயில் விடுங்கள். குப்புறக் கிடத்தி, விளையாட்டுப் பொருளைக் கைக்கு எட்டியும் எட்டாத தூரத்தில் வையுங்கள். அசையாத வாங்கு ஒன்று பக்கத்தில் இருந்தால் பிடித்து எழும்பப் பார்ப்பான்.

ஒன்பது மாதம் கடந்தும் பிடியில்லாமல் இருக்க முடியாமை, 18 மாதத்திலும் நடக்காமை, உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருத்தல், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்தல், வந்த திறன் மறைந்துபோதல்: இவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

மகளுக்கு 14 மாதம். முதல் ஆறு மாதம் கொழுகொழு என்று இருந்தாள். இப்போது ஒரு வாய் வாங்கவே பாடாய்ப் படுத்துகிறாள். கிளினிக் கொப்பியில் நிறைக் கோடு பச்சைக்குள் இருக்கிறது, ஆனால் நிமிரவில்லை. உம்மா கஞ்சித்தண்ணீர் கூடக் கொடுக்கச் சொல்கிறா.
*– வாசகி, கிண்ணியா*

இரண்டு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வளர்ச்சி ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஒரு கிலோவரை ஏறும், அடுத்த மூன்று மாதம் அரைக் கிலோ, ஒன்பது மாதத்துக்குப் பிறகு கால் கிலோவளவு, இரண்டாம் வருடத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய 200 கிராம். உயரமும் முதல் வருடம் 25 சென்ரிமீற்றர் கூடினால் இரண்டாம் வருடம் 12தான். வேகம் குறையப் பசியும் குறையும். ஆகவே சாப்பாடு குறைந்தது மட்டும் நோய் இல்லை.

கோடு நிமிராமல் இருப்பதைத்தான் கவனிக்க வேண்டும். பச்சைக்குள் இருந்தாலும் படுத்த கோடு எச்சரிக்கை. பச்சைக்குக் கீழே இருந்தாலும், வளைகோட்டுக்குச் சமாந்தரமாக ஏறுகிற பிள்ளை அதைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும். முதலில் நிறுவையைச் சரிபாருங்கள்: ஒரு தடவை உடுப்பும் பம்பர்ஸும் போட்டு, அடுத்த தடவை வெறும் மேலோடு நிறுத்தால் பிள்ளை மெலிந்ததுபோலக் கோடு காட்டும். இரண்டு மாதம் சரியாக நிறுத்தும் ஏறவில்லை என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி டொக்டரைப் பாருங்கள். இருமல், வயிற்றோட்டம், பூச்சி, சலக்கிருமி, இரத்தச்சோகை எதுவும் காரணமாகலாம்.

கஞ்சித்தண்ணீர் வேண்டாம். சின்ன வயிறு நீரால் நிறைந்துவிடும், சத்து ஏறாது. கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத பதத்தில் சாப்பாடு இருக்க வேண்டும். இந்த வயதுக்கு 250 மில்லிலீற்றர் கோப்பையில் முக்காலிலிருந்து ஒரு கோப்பை, நாளுக்கு மூன்று நான்கு வேளை, இடையில் ஒன்றிரண்டு சிற்றுண்டி, கூடவே தாய்ப்பால். குழைத்த சோற்றில் முள் எடுத்த மீன், பருப்பு, முருங்கை இலை, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். இடைவேளைக்கு எருமைத்தயிரும் வாழைப்பழமும். பிளேன்ரீ கொடுக்காதீர்கள், அது உணவிலுள்ள இரும்பை உறிஞ்சவிடாது. அரை மணித்தியாலத்துக்கு மேல் ஊட்டப் போராடவும் வேண்டாம். கையால் அளைந்து தானே தின்னட்டும்.

மூன்றரை வயது மகனுக்கு விஜயதசமிக்கு ஏடு தொடக்கினோம். நேர்சரியில் மற்றவர்கள் ஆனா எழுதுகிறார்கள், இவன் பென்சிலைக் கையால் பொத்திப் பிடித்துக் கிறுக்குகிறான். கெட்டித்தனம் குறைவா?
*– தந்தை, உவர்மலை*

இல்லை. வளர்ச்சி தோளிலிருந்து விரல்நுனிக்குப் போகிறது. முதலில் தோள், பிறகு முழங்கை, மணிக்கட்டு, கடைசியாக விரல். மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்புதான், எக்ஸ்ரேயில் தெரியாது. முதல் இரண்டும் சில மாதங்களில் தெரியத் தொடங்கும், ஏழாவது ஆறேழு வயதளவில், எட்டாவது ஒன்பது வயதுக்குப் பிறகு. மூன்றரை வயதுக் கையிடம் இரட்டைக்கோட்டுக் கொப்பி கேட்பது நியாயமில்லை.

பிள்ளைகள் மூன்று வயதளவில் வட்டம் கீறுவார்கள், நான்கில் சிலுவைக்குறி, நாலரையளவில் சதுரம், ஐந்தில் முக்கோணம். சாய்கோடு கடைசியில் வரும். இந்த ஒழுங்கைப் பார்த்தால், சுழியும் வளைவும் நிறைந்த ‘அ’வை விட நேர்கோடுகளால் ஆன ‘ட’, ‘ப’ முதலில் கைக்கு வரும். ஏடு தொடக்கியது நல்ல சடங்கு, அதை நாளாந்தப் பாடமாக்க வேண்டியதில்லை. இப்போதைக்கு மரம் ஏறட்டும், பிட்டுக்கு மாக் குழைக்கட்டும், பயற்றங்காய் முறிக்கட்டும், கடற்கரை மணலில் விரலால் கீறட்டும். எழுத ஆசைப்பட்டால் உடைந்த சிறு சோக்கட்டியைக் கொடுங்கள். துண்டு சிறிதானால் பொத்திப் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாகவே சேரும்.

இரண்டு வயது முடிந்துவிட்டது, ஏழெட்டுச் சொல்தான் பேசுகிறாள். வீட்டில் தமிழ், விளையாடப் போகிற வீட்டில் சிங்களம். இரண்டு மொழி குழப்புகிறதா?
*– வாசகி, சீனன்குடா*

இரண்டு மொழியால் பேச்சு பிந்துவதில்லை. சிங்களச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். சேர்த்தும் 50ஐ எட்டாமல், “அம்மா வா”, “பால் தா” போல இரண்டு சொல் இணையாமல் இருந்தால் இந்த வயதில் பொறுத்திருக்கக் கூடாது. முதலில் கேட்டல் பரிசோதனை. சத்தத்துக்குத் திரும்புகிறாளே என்று விட்டுவிடாதீர்கள், பாதிச் செவிப்புலனோடும் பிள்ளை திரும்பும். கிளினிக்கில் சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

போனை எடுத்து வையுங்கள். இரண்டு வயதுவரை திரை வேண்டாம், பிறகு நாலு வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிவுரை. அவள் “மீன்” என்றால் நீங்கள் “பெரிய மீன்” என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருங்கள். பதிலை நாமே சொல்லிவிடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கிற தவறு.

எட்டாம் மாதத்தில், 32 வாரத்தில் பிறந்தவன். இப்போது ஆறு மாதம். குப்புற விழவில்லை.
*– வாசகி, மூதூர்*

நிறைமாதம் 40 வாரம், அதில் 32 போக எட்டு வாரம் முந்திப் பிறந்திருக்கிறான். வளர்ச்சியைப் பார்க்க அவனுக்கு வயது நான்கு மாதம். அந்த வயதுக்குக் குப்புற விழாதது கவலைக்குரியதல்ல. இரண்டு வயதுவரை இப்படிக் கழித்துப் பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த திகதிப்படிதான்.

மகளுக்கு 11, மகனுக்கு 13. தங்கை அண்ணனை விட உயரம். மகன் கட்டையாகவே இருந்துவிடுவானா? உயரத்துக்கு விற்கிற பவுடர் கொடுக்கலாமா?
*– பெற்றோர், தம்பலகாமம்*

பவுடருக்குச் செலவழிக்காதீர்கள். பெண் பிள்ளைகள் வேகமாக உயர்வது 12 வயதையொட்டி, ஆண் பிள்ளைகள் 14ஐ ஒட்டி. உச்ச வருடத்தில் மகள் எட்டு, மகன் ஒன்பது சென்ரிமீற்றரளவில் கூடுவார்கள். முதலில் பாதம் நீளும், பிறகு கால், கடைசியாக உடல். மகனுக்குச் சப்பாத்து அடிக்கடி போதாமல் போனால் அந்த வேகம் தொடங்குகிறது என்று கொள்ளலாம்.

எவ்வளவு உயரம் வரும் என்று அண்ணளவாகக் கணிக்க, தாய் தகப்பன் உயரத்தைக் கூட்டி, மகனுக்கு 13 சேர்த்து, மகளுக்கு 13 கழித்து, இரண்டால் பிரியுங்கள். தகப்பன் 168, தாய் 154 என்றால் மகன் 167.5, மகள் 154.5. எட்டுச் சென்ரிமீற்றர் கூடவோ குறையவோ வரலாம்.

பெரியபிள்ளையான பிறகு பெண் பிள்ளை பொதுவாக இன்னும் ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர்தான் வளர்வாள். அதற்கு முந்திய வருடங்களின் சாப்பாடு அதனால்தான் முக்கியம். சாமத்தியத்துக்குக் கொடுக்கிற உழுத்தங்களியும் முட்டையும் இப்போதே வாரத்தில் சில நாள் இருவருக்கும் கிடைக்கட்டும். முட்டையைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், அவித்தால்தான் அதன் புரதம் நன்றாகச் சேரும், கிருமிப் பயமும் இல்லை.

ஆறு மாதத்துக்கொரு தடவை காலையில் அளவுங்கள். மாலையில் ஒரு சென்ரிமீற்றரளவு குறைந்து காட்டும். வெறும் காலோடு குதியும் முதுகும் சுவரில் முட்ட நிறுத்தி, தலையில் மட்டையான புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடிடுங்கள். பருவ மாற்றத்துக்கு முன் வருடத்துக்கு நான்கு சென்ரிமீற்றருக்குக் குறைவாக வளர்ந்தால், அல்லது மகனுக்கு 14 முடிந்தும் பருவ மாற்றம் எதுவும் தொடங்காவிட்டால், அந்த அளவுகளை எழுதிக்கொண்டு பிள்ளை வைத்திய நிபுணரிடம் போங்கள்.