ஆசை முதலில் வந்தால்தானா?

கேள்வி: கல்யாணமாகி ஏழு வருஷம். கணவர் நெருங்கி வந்தால் பிடிக்காமல் இல்லை. ஆனால் எனக்குத் தானாக ஆசை தோன்றுவதே இல்லை. என்னிடம் ஏதாவது குறையா?
– வாசகி, திருப்பூர்

"பிடிக்காமல் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. ஆசை முதலில் எழும், மற்றதெல்லாம் பின்னால் வரும் என்றுதான் மருத்துவர்களும் வெகுகாலம் நினைத்தார்கள். 2000-இல் கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் இதை மாற்றிப் போட்டார். நீண்ட கால உறவில் பல பெண்கள் எந்த ஆசையும் இல்லாமல்தான் தொடங்குகிறார்கள்; பேச்சு, தொடுதல், நிதானம் எல்லாம் சேர்ந்தபின் ஆசை வந்து ஒட்டிக்கொள்கிறது என்றார். ஆண்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. எனவே இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும்: மனசில்லாத நாளில் "இன்னிக்கு வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால், மறுநாள் காலை காபி டம்ளர் 'ணங்' என்று வைக்கப்படக் கூடாது. மறுக்க முடியாத இடத்தில் ஆசை வராது.

கேள்வி: குழந்தைக்கு எட்டு மாதம். மனைவி ஒதுங்கியே இருக்கிறாள். என்மேல் வெறுப்பா?
– வாசகர், மதுரை

அவசரப்பட்டு அந்த முடிவுக்குப் போகாதீர்கள். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடி, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும். அதனால் பிறப்புறுப்பில் வறட்சி, உறவின்போது வலி. வலிக்கிற விஷயத்தை யார் தேடிப் போவார்கள்? வலி இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்; சிகிச்சை உண்டு.

அடுத்தது மனசு. பாலியல் ஆய்வாளர்கள் ஜான் பேன்கிராஃப்ட், எரிக் ஜான்சென் இருவரும் ஆசையை ஆக்ஸிலரேட்டர், பிரேக் என்று இரண்டாகப் பிரித்தார்கள். நம் ஆண்கள் மல்லிகைப்பூ, சினிமா என்று ஆக்ஸிலரேட்டரையே மிதிக்கிறார்கள். பிரேக்கை யார் பார்ப்பது? நடுவில் குழந்தை, ஹாலில் அம்மா, சரியாக விழாத தாழ்ப்பாள், மூன்று மணிக்கு மறுபடி பால். பாலை அவர்தான் கொடுக்க முடியும். ஏப்பம் விடவைத்துத் தூங்கவைப்பது உங்களால் முடியும். தாழ்ப்பாளையும் சரிசெய்யுங்கள். ஆனால் ஒன்று, இதையெல்லாம் செய்துவிட்டு அன்று இரவே கூலி கேட்டு நிற்காதீர்கள்.

கேள்வி: ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பது உண்மையா?
– வாசகி, கோவை

சாப்பாடு, தூக்கம் மறந்து ஒருவரையே நினைத்துக் கிடக்கிற அந்தக் கிறுக்கு அநேகமாக எல்லாருக்கும் தணியத்தான் செய்கிறது. அதற்காக எல்லாமே தீர்ந்துபோகும் என்று இல்லை. சராசரியாக 21 வருஷம் மணவாழ்க்கை கண்ட, இன்னும் துணைமேல் தீவிரக் காதல் இருப்பதாகச் சொன்ன 17 பேரை அமெரிக்காவில் மூளை ஸ்கேன் செய்தார்கள். துணையின் படத்தைக் காட்டியதும், புதுக் காதலர்களுக்குத் தூண்டப்படும் அதே பகுதி இவர்களுக்கும் தூண்டப்பட்டது. சின்ன ஆய்வுதான். இருந்தாலும், முடியாத காரியமில்லை என்றாவது தெரிகிறது.

இதே ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான உளவியலாளர் ஆர்தர் ஆரன், முன்பு தம்பதிகளை ஜோடி ஜோடியாக, ஒருவர் கையோடு மற்றவர் கையையும் காலோடு காலையும் சேர்த்துக் கட்டி, தலையணையைக் கையால் தொடாமல் சுமந்தபடி மெத்தையில் தவழவிட்டார். அந்தக் கூத்துக்குப் பிறகு அவர்கள் உறவில் திருப்தி கூடியது. நீங்கள் தவழ வேண்டாம். இருவருக்குமே தெரியாத ஒன்றைச் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள், நீச்சலாவது.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து நாட்டமே இல்லை. நிறுத்திவிடலாமா?
– வாசகர், சேலம்

நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளுக்கு இந்தப் பக்கவிளைவு சகஜம். மனச்சோர்வே நாட்டத்தைக் குறைக்கும் என்பதும் உண்டு. அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று எழுதிக் கொடுத்த டாக்டர் பார்த்துக்கொள்வார். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள்.