கிலாவேயா அருகே கூரைத் தொட்டி நீரில் உலோகச் சுவை

ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலைக்கு அருகே, கூரையிலிருந்து மழைநீர் பிடிக்கும் உங்கள் தொட்டியில் உலோகச் சுவை வருகிறது, காய்ச்சிக் குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காய்ச்சினால் சரியாகாது; கரைந்த உலோகம் கொதிப்பதால் போவதில்லை, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். ஆகவே சோதனை முடியும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைப் பயன்படுத்துங்கள்.

எரிமலை புகையும் வாரங்களில்தான் சுவை மாறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், காரணம் பெரும்பாலும் அமில மழையாக இருக்கும். கிலாவேயா உமிழும் கந்தக டைஆக்சைடு காற்றில் கந்தக அமிலத் துளிகளாக மாறி மழையோடு கூரையில் இறங்குகிறது; அந்த நீர் ஆணித் தலை, பற்றவைப்பு, பித்தளைக் குழாய் ஆகியவற்றிலிருந்து உலோகத்தை அரித்தெடுக்கிறது. ஹவாய்த் தீவின் கோனா வட்டாரத்தில் 1988-இல் கூரைநீர் பயன்படுத்திய வீடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் குடிநீரில் ஈயம் கலந்திருந்தது.

முதலில் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளால் தொட்டி நீரைப் பாருங்கள். பிறகு, இரவு முழுதும் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் முதலில் பிடித்து ஒரு புட்டியிலும், சில நிமிடங்கள் ஓடவிட்டு இன்னொன்றிலும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முதல் புட்டியில் மட்டும் ஈயம் மிகுந்தால் குற்றவாளி குழாய். இரண்டிலும் இருந்தால் கூரையையோ தொட்டியையோ ஐயுற வேண்டும்.

சமையல் சோடா அமிலத்தைத் தணிக்கும், ஏற்கெனவே கரைந்த ஈயத்தை நீக்காது. ஈயத்துக்குத் தனிச் சுவையும் கிடையாது; நாவில் படுவது இரும்போ செம்போ ஆகலாம், எனவே சுவை மறைந்துவிட்டது என்பதற்காகச் சோதனையைக் கைவிடாதீர்கள்.