அளவை எதுவரை செல்லும்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உயர்தரத்தில் இந்து நாகரிகமும், அளவையியலும் விஞ்ஞான முறையும் எடுத்திருக்கிறேன். ஒரு வகுப்பில் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் கடவுளை நிறுவுகிறது என்கிறார்கள். மற்ற வகுப்பில் கடவுள் நிறுவ முடியாத விடயம் என்கிறார்கள். சூத்திரத்தில் இருப்பது உண்மையான வாதமா, வாதம் போன்ற ஒன்றா?
– மாணவி, வெள்ளவத்தை

பதில்: உண்மையான வாதம்தான். சூத்திரத்தை மட்டும் மனனம் செய்து ஒப்புவிப்பதால் அது கண்ணில் படாமல் போகிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் மெய்கண்டார் ஒவ்வொரு சூத்திரத்தையும் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (அதற்கான காரணம்), எடுத்துக்காட்டு வெண்பா என்று வைத்திருக்கிறார். 12 சூத்திரங்களுக்கும் இதே ஒழுங்கு. அளவையியல் வகுப்பில் எடுகூற்று, முடிவு என்று எழுதிப் பழகியவருக்கு இது அந்நியமாக இராது.

"அவன் அவள் அது எனும் அவை மூவினைமையின்" என்று தொடங்கும் முதற் சூத்திரத்தில் மூன்று மேற்கோள்கள் உண்டு. சுட்டிக் காட்டத்தக்க இந்த உலகம் தோன்றி, நின்று, ஒடுங்கும் என்பது முதலாவது. ஒடுங்கிய உலகம் தன்னை ஒடுக்கியவனிடமிருந்தே மீளத் தோன்றும் என்பது இரண்டாவது. இதற்கு இரண்டு ஏதுக்கள்: இல்லாதது தோன்றாது, உள்ளதும் செய்வோன் இன்றிச் செயற்படாது. ஒடுக்குபவனே முதல்வன் என்பது மூன்றாவது; உலகத்துக்குத் தன்வயம் (சுதந்திரம்) இல்லை என்பது அதற்கு ஏது.

இந்த வாதத்தை எங்கே தட்டிப் பார்ப்பது? முதலாவது மேற்கோளில். மரம், வீடு, உடம்பு ஆகியவை தோன்றி அழிவதைக் காண்கிறோம். முழு உலகமும் அப்படியே என்று எப்படிச் சொல்வது? வேதச் சடங்கை முதன்மையாகக் கொண்ட மீமாஞ்சகர் இதைத்தான் கேட்டார்கள்: பொருள்கள் வரும், போகும், உலகம் என்றும் இப்படியே இருக்கும். மெய்கண்டார் இந்தத் தடையை அறிந்தே எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றும் தோன்றி, உளதாய், இறப்பதைக் கண்ட பின்னும் முழுவதும் என்றும் உண்டு என்று சொல்வார்களோ என்று எடுத்துக்காட்டு வெண்பாவிலேயே கேட்கிறார்.

அந்தப் பதில் போதுமா என்பதில்தான் உங்கள் இரண்டு வகுப்புகளும் பிரிகின்றன. ஒவ்வொரு நூலும் இழுத்தால் அறும் என்பதால் சேலையும் இழுத்தால் அறும் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் எல்லா நூலும் சிவப்பென்றால் சேலையும் சிவப்புத்தான். பகுதியின் பண்புகளில் சில முழுமைக்குச் செல்லும், சில செல்லா. தோற்றமும் அழிவும் எந்த வகை? எங்கள் கருத்தில் வாதத்தின் மிக மெலிந்த இடமும் இதுவே, மிகவும் சிந்திக்க வேண்டிய இடமும் இதுவே. இரண்டாவது மேற்கோள் இதைவிட உறுதியானது. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்ற பாகுபாடு அதற்குப் பின்னால் நிற்கிறது. மண்ணே தானாகக் குடமாகலாமே என்று சாங்கியர் கேட்பார்கள். உலகின் மூலப்பொருளான, அறிவில்லாத மாயை தானாக ஒழுங்குபடாது என்பது சித்தாந்தத்தின் விடை.

சோதனையில் எழுதும்போது மாணவர் பெரும்பாலும் விடும் பிழை, இந்தச் சூத்திரத்திலேயே அருள், ஐந்தொழில், முத்தி எல்லாம் நிறுவப்பட்டதாக எழுதுவது. இது நிறுவ முயல்வது செய்வோன் ஒருவன் உண்டு என்பதை மட்டுமே. அவன் உயிர்களோடு எப்படி நிற்கிறான் என்பது இரண்டாம் சூத்திரத்தின் வேலை. மேற்கோள், ஏது, எதிர்த்தடை, விடை என்று நான்கையும் பிரித்து எழுதுங்கள்.

கேள்வி: வாதத்தால் இறைவனை அடைய முடியாது என்று அடியார்கள் பாடியிருக்கிறார்கள். பிறகு சாத்திரக்காரருக்கு எதற்கு இவ்வளவு தர்க்கம்? பக்தி போதாதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அடைவதற்குப் பக்தி வேண்டும். எதை அடைகிறோம் என்று தெளிவதற்கு அளவை, அதாவது அறியும் வழி, வேண்டும். சிவஞானசித்தியார் என்னும் சித்தாந்த நூலில் மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் நூலுக்கு முன்னாலேயே அளவையை வைத்து, பத்து அளவைகளை எண்ணி, அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். கண்டது, கண்டதைக் கொண்டு கருதியது, நம்பத்தக்க உரையால் அறிந்தது. சமயச் செய்தி ஒன்றைக் கேட்டால் இது மூன்றில் எதனால் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் அநாதி (தொடக்கமற்றது) என்பதைக் கண்ணால் காண முடியாது. உயிரின் அறியாமையிலிருந்து ஓரளவு கருதலாம். மீதி ஆகமத்தின் உரை. உரையால் வந்ததைக் கருதலால் வந்ததுபோலப் பேசினால், கேட்கும் பிள்ளை ஒருநாள் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கும். அன்று நம்பிக்கையும் சேர்ந்து உடையும்.

பக்திப் பாடலும் வாதத்தை விலக்கவில்லை. திருவாசகத்தில் உள்ள திருச்சாழலின் 20 பாடல்களும் ஒருத்தி தடை சொல்ல மற்றவள் விடை சொல்லும் அமைப்பில் உள்ளவை. ஈழத்திலிருந்து தில்லைக்கு வந்த பௌத்தரோடு மாணிக்கவாசகர் வாதிட்டார் என்ற மரபு அந்தப் பதிகத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது.

கேள்வி: கந்தோரில் என் பக்கத்து மேசை நண்பர் பௌத்தர். ஆன்மா இல்லை, மறுபிறப்பு உண்டு என்கிறார். சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் உள்ள மறுப்புகளை அவரிடம் சொல்லலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: அப்படியே எடுத்துச் சொன்னால் குறி தவறும். பரபக்கம் மறுக்கும் 14 மதங்களில் பௌத்தம் நான்காக வருகிறது: சௌத்திராந்திகம், யோகாசாரம், மாத்தியமிகம், வைபாடிகம். இலங்கையில் நிலைத்த தேரவாதம் அந்த நான்கில் இல்லை. உங்கள் நண்பர் சொல்லாத ஒன்றை மறுத்துவிட்டு வென்றதாக நினைப்பீர்கள். அவர் உங்களுக்குத் தன் சமயம் தெரியவில்லை என்று நினைப்பார்.

முதலில் அவருடைய நிலையைக் கேளுங்கள். மறுபிறப்பில் பிறப்பவன் அதே ஆளும் அல்லன், வேறு ஆளும் அல்லன் என்பது தேரவாதிகளின் மரபான விடை. இரவு முழுவதும் எரியும் விளக்கின் சுடரை உவமையாகச் சொல்வார்கள். அடுத்து உங்கள் பக்கம். மூன்றாம் சூத்திரம் ஆன்மா உண்டு என்பதற்கு அடுக்கும் ஏதுக்களில் மூன்றைப் பார்ப்போம். "உளதிலது என்றலின்": எதுவும் இல்லை என்று சொல்வதற்கும் சொல்லும் ஒருவன் வேண்டும். "எனதுடல் என்றலின்": உடலை உடைமையாகச் சொல்பவன் உடலுக்கு வேறானவன். "கண்படில் உண்டிவினை இன்மையின்": ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது, ஆனால் நுகர்ச்சியும் செயலும் இல்லை, ஆகவே மூச்சு ஆன்மா அன்று.

இவற்றில் இரண்டாவதை முன்னால் வைக்காதீர்கள். என் ஆன்மா என்றும் சொல்கிறோமே, அப்படியானால் ஆன்மாவுக்கும் சொந்தக்காரன் வேறொருவனா என்று நண்பர் கேட்பார். அது நியாயமான கேள்வி. மூன்றாவதோடு தொடங்கினால் இருவரும் ஒப்புக்கொள்ளும் அனுபவத்தில் நின்று பேசலாம். அவரும் பேச வேண்டியதை நிறையச் சொல்வார்.

இந்தக் கேள்வி நம் ஊரில் பொதுமேடை ஏறியதும் உண்டு. 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு வாதிட்ட மீகெட்டுவத்தே குணானந்த தேரர், கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமையைச் சேர்ந்தவர். ஆன்மா இல்லாமல் வினைப்பயனை அனுபவிப்பவர் யார் என்பது அங்கும் முக்கியமான தடையாக எழுந்தது.

பௌத்தர் வாதத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்தார்கள் என்பதற்கு மணிமேகலையின் 29ஆம் காதையைப் படியுங்கள். பக்கப் போலி (மேற்கோளில் பிழை) 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி (எடுத்துக்காட்டில் பிழை) 10 என்று வாதம் பிழைக்கும் வழிகளைத் தமிழிலேயே எண்ணி வைத்திருக்கிறது.

கேள்வி: இமாம் கஸ்ஸாலி தத்துவத்தை எதிர்த்தார் என்று படித்தேன். அப்படியானால் இஸ்லாத்தில் தர்க்கத்துக்கு இடமில்லையா?
– வாசகி, மருதானை

பதில்: அவர் எதிர்த்தது சில முடிவுகளை, தர்க்கத்தை அல்ல. தஹாஃபுத் நூலில் தத்துவவாதிகளின் 20 கொள்கைகளை எடுத்து, அவற்றில் மூன்றை மட்டுமே மார்க்கத்துக்கு வெளியே தள்ளினார்: உலகம் தொடக்கமற்றது என்பது, இறைவன் பொதுவானவற்றை மட்டுமே அறிகிறான் என்பது, உடல் மீள எழுப்பப்படாது என்பது. அவற்றை மறுத்ததும் தர்க்க முறையில்தான். சட்டக் கோட்பாடு பற்றிய முஸ்தஸ்ஃபா நூலுக்கு அவர் தர்க்கத்தையே முன்னுரையாக வைத்தார். 1111இல் அவர் மறைந்த பிறகு, 1126இல் பிறந்த தத்துவவாதி இப்னு ருஷ்து அவருக்கு வரிக்கு வரி விடை எழுதினார்.

மேலே சொன்ன முதற் சூத்திரத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகும். தொடக்கம் உள்ளதற்குக் காரணம் உண்டு, உலகத்துக்குத் தொடக்கம் உண்டு, ஆகவே காரணம் உண்டு என்பது இஸ்லாமிய இறையியலான கலாம் துறை அறிஞர்களின் வாதம். சித்தாந்தமோ மாயையைத் தொடக்கமற்றதாகக் கொள்கிறது; உலகம் அதிலிருந்து மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. இரண்டு வாதங்களும் ஒன்றே என்று மேடைகளில் சொல்வது சரியன்று.

கேள்வி: ஞாயிறுதோறும் சித்தியார் படிக்கிறோம். விவாதம் தொடங்கினால் பத்து நிமிடத்தில் மனக்கசப்பாகிறது. என்ன செய்யலாம்?
– படிப்பு வட்டம் ஒன்றின் சார்பில், பம்பலப்பிட்டி

பதில்: ஒரு அமர்வுக்கு ஒரு மேற்கோள் போதும். அதை ஒரே வாக்கியமாகக் கரும்பலகையில் எழுதுங்கள். ஏதுவை அதன் கீழே தனியாக எழுதுங்கள். பிறகு எதிர்ப்பவரின் நிலையை நீங்கள் சொல்ல, "ஆம், நான் சொல்வது இதுதான்" என்று அவர் ஒப்ப வேண்டும். அதற்கு முன் மறுக்கத் தொடங்கக் கூடாது. மனக்கசப்பு பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டுவதால்தான் வருகிறது.

அடுத்து, இருவருக்கும் பொதுவான அளவை எது என்று பாருங்கள். ஆகமத்தை ஒப்பாதவரிடம் ஆகமத்தை ஏதுவாகக் காட்டுவதில் பயனில்லை. காண்டலும் கருதலும் மட்டுமே அங்கே செல்லும். இருவரும் சைவர் என்றால் ஆகம உரையும் செல்லும்; ஆனால் அதன் பொருள் பற்றியே கருத்து வேறுபட்டால், அன்றைய விவாதம் உரை விளக்கம் பற்றியது என்று பலகையில் மாற்றி எழுதிவிடுங்கள்.

யாராவது புதிதாக ஒரு உவமை கொண்டுவந்தால், அது எந்தப் புள்ளியில் பொருந்துகிறது, எதில் பொருந்தவில்லை என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். முடியாத மேற்கோளை அடுத்த ஞாயிறுக்கு ஒத்திவையுங்கள். பலகையில் எழுதியதைக் கொப்பியில் பிரதி செய்துகொண்டால் அதே இடத்திலிருந்து தொடரலாம்.